சென்னை சௌகார்பேட்டையில் இந்தி கேட்கிறதே, அதை உள்ளடக்கிய ஜார்ஜ் டவுன் எப்போது கலப்பு ஊரானது?

தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். மார்வாடிகளும் குஜராத்திகளும் சற்றுப் பிந்தி வந்தவர்கள்.

1640-இல் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கியதும் தெலுங்கு வணிகர்கள், தமிழ் நெசவாளர்கள் எனப் பலரும் அதன் வடக்கே குடியேறினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடம்தான் அந்தப் பழைய குடியிருப்பு; ஆங்கிலேயர் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒருமுறை கோட்டையைப் பிடித்துவிட, எதிரி ஒளிய இடம் வைக்கக்கூடாதென்று ஆங்கிலேயர் கறுப்பர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஊர் வடக்கே நகர்ந்தது. ஜார்ஜ் டவுன் என்ற பெயர் வந்தது 1911-இல்தான். அரசர் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கான மரியாதை.

தெருப் பெயர்களைப் பாருங்கள். பவளக்காரத் தெரு பவளம் விற்ற யூதர்களை நினைவுபடுத்துவது. அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது, அது ஆர்மீனியர் தெரு! அங்கே 1772-இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் இருக்கிறது, தரையெங்கும் கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்ததும் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் இந்த வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். இவ்வளவு இருந்தும் வாசலைக் கடக்கிற கூட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்குக் கடற்கரை ரயில் நிலையம் எதிரே கடைகள் கிடைத்தன. அதுதான் பர்மா பஜார். பின்தெருவில் மாலையானால் அத்தோ கடை: நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்காமலே வரும்.