ஏஐ ஏஜென்ட் இயக்கும் டிஎன்எஸ் கருவிக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

"எங்கள் டிஎன்எஸ் சர்வரை ஏஐ ஏஜென்ட் இயக்குவதற்காக ஒரு எம்சிபி சர்வர் எழுதியிருக்கிறோம். ஆவணம் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிங்கப்பூரில், தை செங் பக்கம் ஓர் அலுவலகத்தில் இதே வேலையைச் செய்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன். எங்களுடையது பவர்டிஎன்எஸ் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்; டொமைன் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும். அதன் ஏபிஐக்கு (மற்ற நிரல்கள் அதை இயக்கும் வழி) மேல் சின்னதாக ஒரு எம்சிபி சர்வர், அதாவது ஏஐ மாடல் அழைக்கக்கூடிய கருவிகளைத் தரும் நிரல்.

நான் ரீட்மீயில், அதாவது மனிதர் படிக்கும் அறிமுகக் கோப்பில் தொடங்கினேன். எப்படி நிறுவுவது, சாவியை எங்கே வைப்பது என்று நான்கு பக்கம். ஏஜென்ட் அதைப் படிக்கப் போவதில்லை. கருவிகளின் பட்டியலைக் கேட்கும்போது ஒவ்வொன்றுக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன அனுப்ப வேண்டும் என்ற அமைப்பு) என்று சர்வர் தருகிறதே, அதைப் பார்த்துத்தான் மாடல் முடிவெடுக்கிறது. அதனால் முதலில் அந்த விளக்கங்களை எழுதுங்கள். ரீட்மீ அப்புறம்.

எனக்கு இது புரிந்தது ஓர் இரவு ஷிஃப்டில். அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் ஒரு சேவைக்கு மூன்று ஐபி முகவரிகள் இருந்தன. நான்காவதைச் சேர்க்கும்படி ஏஜென்டிடம் சொல்லியிருக்கிறார்கள். 'சேர்த்துவிட்டேன்' என்று அதுவும் பதில் சொல்லிவிட்டது. கொஞ்ச நேரத்தில் உடன் வேலை செய்யும் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, பழைய மூணு ஐபியையும் காணோம். புதுசு மட்டும்தான் நிக்குது."

நடந்தது இதுதான். பவர்டிஎன்எஸ்ஸில் 'ரீப்ளேஸ்' என்று அனுப்பினால், அந்தப் பெயரிலும் வகையிலும் உள்ள எல்லாப் பதிவுகளும் போய், நாம் அனுப்பியது மட்டும் நிற்கும். நான் அந்தக் கருவிக்கு 'அப்டேட் ரெக்கார்ட்' என்று பெயர் வைத்து, 'டிஎன்எஸ் பதிவைப் புதுப்பிக்கும்' என்று ஒரே வரியில் விளக்கம் எழுதியிருந்தேன். அதைப் படிக்கும் யாரும் புதியதை மட்டும்தான் அனுப்புவார்கள். டிடிஎல் (பதிலை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 3600 என்பதால், நாங்கள் சரிசெய்த பிறகும் குறைப் பதிலை வாங்கி வைத்திருந்த ரிசால்வர்கள் (பயனருக்காக டிஎன்எஸ் பதிலைத் தேடித் தரும் சர்வர்கள்) ஒரு மணி நேரம் வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

கருவியின் பெயரை 'ரீப்ளேஸ் ரெக்கார்ட் செட்' என்று மாற்றினேன். விளக்கம் இப்படி ஆனது (அசல் ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன்): "இந்தப் பெயரிலும் வகையிலும் உள்ள எல்லாப் பதிவுகளையும் நீக்கிவிட்டு, அனுப்பும் பட்டியலை வைக்கும். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டுமானால், இப்போது உள்ளவற்றை முதலில் வாங்கி, புதியதையும் சேர்த்து, முழுப் பட்டியலாக அனுப்பவும்." கருவி செய்யும் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. சோதனை டொமைனில் அதே வேலையைத் திரும்பக் கொடுத்தோம். ஏஜென்ட் முதலில் பழைய பட்டியலை வாங்கியது, பிறகு நான்கையும் அனுப்பியது. எனக்கு அன்று அவ்வளவு நிம்மதி.

அளவு வரும் இடத்தில் எல்லாம் அலகைச் சொல்லுங்கள். 'டிடிஎல்: எண்' என்று விட்டால், 'ஒரு நாள் வை' என்பதற்கு 24 என்று போனாலும் ஆச்சரியமில்லை. 'விநாடியில், ஒரு மணி நேரத்துக்கு 3600, ஒரு நாளுக்கு 86400' என்று எழுதிவிட்டால் சந்தேகமே இல்லை.

உதாரணங்களில் கவனம் தேவை. மாடல் உதாரணத்தை அப்படியே எடுத்துப் போடக்கூடும். உங்கள் உண்மையான ஐபியை அங்கே வைத்தால், பயனர் ஐபி சொல்ல மறந்த ஒரு நாளில் அதுவே பதிவாகப் போய் உட்காரும். ஆவணங்களுக்கென்றே 192.0.2.0/24 போன்ற முகவரித் தொகுதிகளை ஆர்எஃப்சி 5737 என்ற இணைய ஆவணம் ஒதுக்கி வைத்திருக்கிறது, டொமைனுக்கு எக்ஸாம்பிள்.காம் இருக்கிறது. அவற்றையே பயன்படுத்துங்கள். அந்த முகவரி தவறிப் பதிவானாலும் வேறு யாருடைய சர்வருக்கும் போகாது.

பிழைச் செய்தியும் ஆவணம்தான். பவர்டிஎன்எஸ் ஏபிஐக்குப் பெயர் புள்ளியில் முடிய வேண்டும். இல்லையென்றால் 422 என்ற பிழை எண் வரும். அந்த எண்ணை மட்டும் திருப்பிக் கொடுத்தால் மாடல் வேறு எதையாவது மாற்றிப் பார்க்கும். 'பெயரின் கடைசியில் புள்ளி இல்லை, சேர்த்து அனுப்பவும்' என்று சொன்னால் அடுத்த முறையே சரியாக அனுப்பும்.

எம்சிபியில் 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' என்று கருவிகளுக்குக் குறிப்பு வைக்கலாம். வையுங்கள், ஆனால் அதைப் பூட்டு என்று நம்பாதீர்கள்; அது குறிப்பு மட்டுமே. பவர்டிஎன்எஸ்ஸின் ஏபிஐ சாவி ஒன்றே ஒன்று, எல்லாக் கதவையும் திறந்துவிடும். எந்த டொமைன்களைத் தொடலாம் என்ற கட்டுப்பாட்டை உங்கள் எம்சிபி சர்வருக்குள்ளேயே வைத்து, அந்தப் பட்டியலை ஆவணத்தில் எழுதுங்கள்.

சரி, மனிதருக்கான பக்கம். அதைப் படிப்பவர் விடியற்காலை மூன்று மணிக்குப் பதற்றத்தோடு படிப்பார். ஏஜென்டை நிறுத்துவது எப்படி என்பதுதான் முதல் வரி. அடுத்தது, கடைசி மாற்றத்தைத் திரும்பப் பெறுவது எப்படி. லாக் எங்கே இருக்கிறது, அதில் உள்ள நேரம் யுடிசியா (உலகப் பொது நேரம்) சிங்கப்பூர் நேரமா என்பதையும் சொல்லிவிடுங்கள். எட்டு மணி நேர வித்தியாசத்தில் தவறான வரிகளைத் தேடிக்கொண்டிருந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், பாவமாக இருந்தது.

நீங்கள் எம்சிபி சர்வரை எஸ்டிடிஐஓ வழியில் (நிரலின் உள்ளீடு, வெளியீடு வழியாகவே செய்தி போய்வரும் முறை) ஓட்டினால், லாக் எல்லாம் எஸ்டிடிஎர்ருக்கு, அதாவது பிழை வெளியீட்டுக்குப் போகட்டும். வழக்கமான வெளியீடான எஸ்டிடிஅவுட்டில் எம்சிபி நெறிமுறைச் செய்தி தவிர வேறு எதுவும் வரக்கூடாது.

உங்களிடம் நீக்கும் கருவி ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் விளக்கத்தை இந்தப் பதிலுக்குக் கீழே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.