வேர்ட்பிரஸுக்குச் சமூகத்தினர் எழுதித் தரும் இலவச பிளகின்களையும் தீம்களையும் நம்பிப் பயன்படுத்தலாமா?

தி. நகரில் இயங்கும் ஒரு சிறு பதிப்பகத்துக்குத் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளைக் கொண்டு தமிழில் தளம் அமைக்கப்போவதாகவும், அதற்கான பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்), தீம்கள் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பவை) ஆகியவற்றில் இலவசமாகக் கிடைப்பவற்றை நம்புவதா விலை கொடுத்து வாங்குவதா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் கடைகளுக்கும் சபாக்களுக்கும் பள்ளிகளுக்கும் தளம் அமைத்துத் தருவது என் தொழில். நம்பலாம் என்பதே என் பதில். ஆனால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த பிளகினை இன்றைக்கு யார் பராமரிக்கிறார்கள் என்பதையும், அது தமிழ் எழுத்தைச் சிதைக்காமல் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

2003ஆம் ஆண்டு மேத் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் பி2 என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரித்தெடுத்து உருவாக்கியதுதான் வேர்ட்பிரஸ். மறு ஆண்டே, மூல நிரலைத் தொடாமல் புதிய வசதிகளைச் சேர்க்கும் பிளகின் முறை வந்தது. 2005இல் தீம்கள் வந்தன. எல்லாம் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் கீழ் இருப்பதால், ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துத் திருத்தி வெளியிடத் தடையில்லை. நீங்கள் புத்தகம் விற்கப் பயன்படுத்தப்போகும் வூகாமர்ஸே 2011இல் ஜிகோஷாப் என்ற வேறொரு பிளகினிலிருந்து இப்படிப் பிரிந்து வந்ததுதான். எழுதியவர் கைவிட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்த முடியும் என்பது இந்த ஏற்பாட்டின் பெரும் பலம்.

அதே ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் உண்டு. வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்வதற்கு முன் ஒவ்வொரு பிளகினையும் தன்னார்வலர்கள் படித்துப் பார்க்கிறார்கள் என்றாலும், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு புதுப்பிப்பையும் அவ்வாறு படிப்பதில்லை. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் சுமார் 2 லட்சம் தளங்களில் இயங்கிக்கொண்டிருந்தது; 2017இல் அதை எழுதியவர் வேறொருவருக்கு விற்றார்; வாங்கியவர் புதுப்பிப்பு என்ற பெயரில் விளம்பரக் குப்பையைப் புகுத்தும் நிரலைச் சேர்க்க, பட்டியலிலிருந்து அது திரும்பத் திரும்ப நீக்கப்பட்டு, கடைசியில் ஒரேயடியாக மூடப்பட்டது. அதனால்தான் நிறுவல் எண்ணிக்கையை மட்டும் நான் நம்புவதில்லை. கடைசியாகப் புதுப்பித்த தேதி, மாற்றக் குறிப்புகள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றனவா என்பது, உதவி கேட்டவர்களுக்கு அண்மையில் பதில் கிடைத்திருக்கிறதா என்பது ஆகிய மூன்றையும் படித்துவிட்டே நிறுவுகிறேன். 'இந்தப் பதிப்பு வரை சோதிக்கப்பட்டது' என்ற வரியை எழுதுபவர் அந்த பிளகினின் ஆசிரியரேதான். அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டியலில் மூடப்பட்ட பிளகின் உங்கள் தளத்தில் வழக்கம்போல ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் பக்கத்தையும் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

தீம் விஷயத்தில், தோற்றத்தை மட்டும் அது கவனிக்க வேண்டும். உள்ளடக்கத்தை உருவாக்கும் வேலை பிளகினுக்கு உரியது என்பது அதிகாரபூர்வப் பட்டியலின் விதி. வெளிச்சந்தையில் விற்கும் பல தீம்கள் இதை மதிப்பதில்லை. நூல் பட்டியல், ஆசிரியர் அறிமுகம் எல்லாவற்றையும் தமக்கே உரிய சுருக்கக் குறியீடுகளில் (சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் கட்டளைகளில்) எழுதவைப்பதால், பிறகு வேறு தீமுக்கு மாறும் நாளில் பக்கமெங்கும் சதுர அடைப்புக்குறிகள்தாம் மிஞ்சும்.

இனித் தமிழுக்கு வருகிறேன். பிளகின் பரிந்துரைகள் பெரும்பாலும் தொடாத பகுதி இது. ஒரு தமிழ்க் குறியீடு (எழுத்தின் ஓர் அலகு), கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளை எடுக்கும். இணைய முகவரியாக மாறும்போது ஒன்பது எழுத்துகளாக நீளும். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருப்பதோ 200 இடங்கள். ஆகவே ஏறத்தாழ 22 குறியீடுகளுக்குமேல் இடமில்லை. புள்ளியும் கொம்பும் துணைக்காலும்கூடத் தனிக் கணக்கு. 'சென்னைப் பல்கலைக்கழக நூலக வரலாறு' என்று ஒரு நூலுக்குப் பக்கம் தொடங்கினால், முகவரி 'சென்னைப்-பல்கலைக்கழக-நூல' என்பதோடு அறுந்து நிற்கும். பதிப்பகத் தளத்தில் நீளமான தலைப்புகள் சாதாரணம்; ஒவ்வொரு நூலுக்கும் முகவரியை நீங்களே சுருக்கமாக எழுதிவிடுங்கள்.

முன்னுரைச் சுருக்கத்தைக் காட்டும் பிளகின்களில் சில, உரையைப் பைட் கணக்கில் வெட்டுகின்றன. ஆங்கிலத்தில் அது வெளியே தெரியாது. தமிழில் கடைசி எழுத்து உடைந்து, கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரமாக நிற்கும். குறியீட்டுக் கணக்கில் வெட்டுபவையும் முழுப் பாதுகாப்பல்ல: 'கொ' என்பதில் உயிர்க்குறி போய் 'க' மட்டும் எஞ்சலாம். தேடலும் அப்படித்தான். வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் எழுத்துத்தொடர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பதால், 'சென்னை' என்று தேடினால் 'சென்னையில்' கிடைக்கும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. தேடல் பிளகின் தேவையா என்று முடிவு செய்யும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள். தீமில் வரிகளுக்கிடையிலான இடைவெளி குறைவாக இருந்தால் 'கீ'யின் மேற்சுழியும் 'மூ'வின் கீழ்வளைவும் அடுத்தடுத்த வரிகளில் இடிக்கும். அதைக் கிளைத் தீமில் (மூலத்தைத் தொடாமல் மாற்றம் செய்ய உதவும் துணைத் தீமில்) இரண்டு வரி எழுதிச் சரிசெய்துவிடலாம்.

விலை கொடுக்க வேண்டிய இடம் எது என்றால், விற்பனை நடக்கும் இடம். பணம் செலுத்தும் வாயிலுக்கான பிளகின் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். புத்தகக் காட்சி நேரத்தில் ஆர்டர் நின்றுபோனால் அழைத்தவுடன் பதில் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதற்காக, காப்புப்பிரதிக்கும் பாதுகாப்புக்கும் ஆண்டுச் சந்தா கட்டுவது நியாயமான செலவு. ஆனால் விலையுள்ள தீமின் திருட்டுப் பிரதியைச் சில நூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். என்னிடம் பழுது பார்க்க வந்த ஒரு கடையின் தளத்தில், அப்படி வாங்கிய தீமுக்குள் சூதாட்டத் தளங்களுக்கான இணைப்புகள் ஒளிந்திருந்தன. கடைக்காரர் கண்ணுக்குத் தெரியாமல், தேடுபொறிக்கு மட்டும் தெரியும்படி.

பதிப்பகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இருப்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். பிளகின்களின் சொற்களை மொழிபெயர்ப்பதற்கென்றே வேர்ட்பிரஸில் தனித் தளம் உண்டு; யாரும் கணக்குத் தொடங்கிப் பரிந்துரை அனுப்பலாம், தமிழுக்கான தொகுப்பாளர்கள் பார்த்து ஒப்புதல் தருவார்கள். ஒரு பிளகினின் நிலையான பதிப்பின் சொற்றொடர்களில் 90 விழுக்காடு ஒப்புதல் பெற்றுவிட்டால், அதை நிறுவித் தமிழில் இயங்கும் எல்லாத் தளங்களுக்கும் மொழிப்பொதி (மொழிபெயர்ப்புக் கோப்பு) தானாகவே போய்ச்சேரும். உங்கள் தளத்துக்குள் மட்டும் 'கூடையில் சேர்' என்று திருத்திக்கொள்வதைவிட அங்கே அனுப்புவது உங்களுக்கும் சுலபம்: அங்கே அனுப்பிய திருத்தம் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துபோகாது.