செமினி போன்ற ஊரில் கழிவுநீர் நுண்ணுயிர்களை வெறும் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு ஆராய்வது வீண்வேலையா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள செமினியில் வசிக்கும் உயிரியல் மாணவி ஒருவர், தம் தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வாழும் நுண்ணுயிர்களை இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், மரபணு வரிசைப்படுத்தும் அளவுக்குப் பணம் இல்லாததால் இந்த முயற்சியில் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறார். பயன் உண்டு. செமினியும் அடங்கிய லங்காட் ஆற்றுப் படுகையிலுள்ள சிறிய நிலையங்களில் பல ஆண்டுகளாக மாதிரி எடுத்துவருபவன் என்ற முறையில், வேகமாக வளரும் ஓர் ஊருக்கு முதலில் தேவைப்படுவது நுண்ணோக்கிதான் என்றே சொல்வேன். மரபணு வரிசை அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லும். செத்துக் கிடப்பவற்றையும் சேர்த்தே சொல்லும். தொட்டி இந்த வாரம் பசியோடு இருக்கிறதா, திணறுகிறதா என்பதை ஒரு சொட்டுக் கசடு, அதாவது நுண்ணுயிர்கள் திரண்ட சேறு, பத்து நிமிடத்தில் காட்டிவிடும்.

செமினியின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் தாமான்கள் எழுகின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தனித்தனிச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கணக்கிட்டு, எல்லா வீடுகளும் நிறைந்துவிட்டதாகக் கொண்டே நிலையத்தை வடிவமைக்கிறார்கள். ஆனால் சாவி கொடுத்த முதல் ஆண்டில் வரிசைக்கு இரண்டு மூன்று வீடுகளில்தான் விளக்கு எரியும். அப்போது, காற்றைச் செலுத்திக் கழிவை நுண்ணுயிர்களுக்கு உண்ணக் கொடுக்கும் காற்றூட்டுத் தொட்டியிலுள்ள பாக்டீரியாக்களுக்கு உணவு போதாமல், கசடு சிறு சிறு துகள்களாக உடைந்து, தெளிந்து போக வேண்டிய நீரோடு கலந்து வெளியேறும். பிறகு தீபாவளிக்குள் குடிபுக வேண்டும் என்று பல குடும்பங்கள் அடுத்தடுத்துப் பால் காய்ச்சும்போது, சில வாரங்களிலேயே வரத்து பெருகிவிடுகிறது. பசியிலிருந்து மிகையுணவுக்கு மாறும் அந்த இடைவெளியைத்தான் நீங்கள் ஆராய வேண்டும்; அளவாக வளர்ந்து நின்றுவிட்ட பெருநகரத்து நிலையத்தில் அதை இவ்வளவு தெளிவாகப் பார்ப்பது அரிது.

காற்றூட்டுத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து நூறு மடங்கு பெருக்கத்தில் வைத்தால், பழுப்பு நிறத் திரள்களின் ஓரத்தில் கண்ணாடி மணிகளைப் போன்ற உயிர்கள் தண்டோடு நின்று ஆடுவதைக் காண்பீர்கள். அவை வோர்ட்டிசெல்லா. மணியின் விளிம்பிலுள்ள நுண்மயிர்கள் சுழன்று, நீரில் தனியே மிதக்கும் பாக்டீரியாக்களை வாய்க்குள் இழுக்கும். மேசையை லேசாகத் தட்டினால் தண்டு சுருள்வில் போலச் சட்டென்று சுருங்கி, மெல்ல மெல்ல மறுபடி நீளும். அவை நிறைந்திருந்தால் வெளியேறும் நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அவை மறைந்து, கசையிழை கொண்டு துள்ளி நீந்தும் மிகச் சிறிய உயிர்களும் அமீபாக்களும் பெருகியிருந்தால், கசடு இன்னும் இளமையாக இருக்கிறது, அல்லது வரத்து அதன் சக்திக்கு மீறிவிட்டது என்று பொருள். ரோட்டிபர்கள் என்னும் பல செல் கொண்ட நுண்விலங்குகள் மிகுந்திருந்தால் கசடு முதிர்ந்திருக்கிறது. வாரந்தோறும் இவற்றை எண்ணி எழுதினால், தாமானில் ஆள் குடியேறிய வரலாறு அந்த எண்ணிக்கையில் தெரியும்.

நுண்ணோக்கியால் எளிதில் அடையாளம் காண முடியாத ஒரு கூட்டமும் உண்டு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்றவை மிக மெதுவாகப் பெருகுபவை, ஆய்வகத்தில் ஈ. கோலை இருபது நிமிடத்தில் இரட்டிக்கும், இவற்றுக்கோ ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். கசடை அவசரப்பட்டு அதிகமாக வெளியேற்றினால் முதலில் காணாமற்போவது இவைதாம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 4.6 கிராம் அளவுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால், காற்றூதி பழுதானால் முதலில் தடுமாறுவதும் இவைதாம். 2009ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைகளின்படி, குடிநீருக்காக ஆற்றுநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே அமைந்த புதிய நிலையங்கள் 'ஏ' தரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். அந்தத் தரத்தின்படி, ஆற்றில் விடும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. செமினி ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடிநீருக்காக நீர் எடுக்கிறார்கள். ஆகவே அம்மோனியாவைச் சோதனைப் பெட்டியால் அளந்து, நுண்ணோக்கிக் குறிப்போடு சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

தோட்டத்து மக்களுக்கு இந்த அறிவு புதியதன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்தார். ஆலையின் கழிவு கொதிக்கக் கொதிக்க வெளிவரும். அதன் உயிரிய ஆக்சிஜன் தேவை, அதாவது அந்தக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம், வீட்டுக் கழிவுநீரில் இருப்பதைப் போல நூறு மடங்கு. அதைக் குட்டை குட்டையாகக் கடத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டே குறைத்தார்கள். முதல் குட்டையில் குமிழி விடுவது குறைந்தால் அப்பா முகம் வாடும். அந்தக் குமிழியில் வரும் வாயுவுக்கு மீத்தேன் என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாது, ஆனால் உள்ளே இருப்பவை நலமாக இல்லை என்பது தெரியும். அந்தக் கண்தான் உங்களுக்கும் வேண்டும்.

கழிவுநீரை வைத்து நோய் பரவுவதைக் கண்காணிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ உறுதியானது. 1992க்குப் பிறகு மலேசியாவில் அதுவே முதல் பாதிப்பு. சபாவின் கழிவுநீர் மாதிரிகளிலும் அந்த வைரஸ் இருந்தது. போலியோ தொற்றியவர்களில் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கே பக்கவாதம் வரும் என்பதால், மருத்துவமனைக்கு வராத மற்றவர்களைச் சாக்கடையின் வழியாகத்தான் அறிய முடிகிறது. ஆனால் அதற்குத் தகுந்த பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகம் வேண்டும்; இளநிலை மாணவர் தனியாக இறங்க வேண்டிய வேலை அன்று.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை, போத்தலை விளிம்புவரை நிரப்பி மூடி, காரின் பின்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தேன். பார்த்தபோது வோர்ட்டிசெல்லாவின் தண்டுகள் மட்டும் நின்றன. மணிகள் கழன்று போயிருந்தன. தொட்டியில் காற்றுப் போதவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒன்றும் பேசாமல், மறுநாள் அதே தொட்டியில் எடுத்த சொட்டை அங்கேயே எனக்குக் காட்டினார். எல்லா மணிகளும் இருந்தன. காற்றுப் போதாமல் இருந்தது என் போத்தலில்தான். அன்றிலிருந்து போத்தலில் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுகிறேன். பாக்டீரியா எண்ணிக்கைக்கான மாதிரியை மட்டும் தனிப் போத்தலில் ஐஸ் பெட்டியில் வைப்பேன்.

நிலையத்தை நடத்துபவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கையில் சிறு கீறல் இருந்தாலும் அன்று போக வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரா காய்ச்சலைத் தோட்டங்களில் எல்லோரும் அறிவார்கள். எப்போதும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் எடுங்கள். ஒரு லிட்டர் உருளையில் கசடு முப்பது நிமிடத்தில் எவ்வளவு படிகிறது என்று அளந்து, முந்தைய நாள் மழை பெய்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை இரவு எட்டு மணிக்குத் தாமானைச் சுற்றி நடந்து, விளக்கு எரியும் வீடுகளை எண்ணி அதே பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு குப்பிக் கசடைத் தேதியிட்டுப் பல்கலைக்கழகத்தின் உறைபெட்டியில் வைத்துவிட்டால், பணம் கிடைக்கும் ஆண்டில் அவற்றை மரபணு வரிசைக்கு அனுப்பலாம்.