பாப்டிஸ்ட் சபைகளுக்குத் தனியாக ஒரு பத்திரிகை எதற்கு?

"போதகர்தான் ஞாயிறுதோறும் அறிவிப்பு வாசிக்கிறாரே, அப்புறம் பத்திரிகை எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவன். எங்களுக்குப் பேராயர் உண்டு. அவருடைய சுற்றறிக்கை எல்லாச் சபைக்கும் வந்துவிடும். 2000-களின் தொடக்கத்தில் வேலைக்காக அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனபோது ஒரு பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தேன். அங்கே பேராயரே கிடையாது. போதகரை அழைப்பதும் அனுப்புவதும் சபையார் ஓட்டுதான். பல சபைகள் கூடி நடத்தும் கன்வென்ஷன் என்ற மாநில அமைப்புக்குக் காணிக்கையில் ஒரு பங்கு போகும். ஆனால் அது சபைக்கு உத்தரவு போட முடியாது.

சரி, ஓட்டுப் போடுகிறவருக்கு விவரம் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் பத்திரிகை. எங்கள் சபைக்கு வந்தது 'கிறிஸ்டியன் இண்டெக்ஸ்'. நவம்பரில் கன்வென்ஷன் கூடுவதற்கு முன்னால், எழுபது தாண்டிய டீக்கன் (சபைப் பணிகளைக் கவனிக்கும் பொறுப்பாளர்) ஒருவர் அதைச் சபைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, வரவுசெலவுப் பட்டியலில் ஒரு தொகையைப் பென்சிலால் வட்டமிட்டார். "இது ஏன் கூடியது என்று அங்கே எழுந்து கேட்பேன்" என்றார். எங்கள் ஊரில் ஒரு சாதாரண உறுப்பினர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பத்திரிகையின் வேர் நம் பக்கமும் வருகிறது. 1822-ல் வாஷிங்டனில் 'கொலம்பியன் ஸ்டார்' என்ற பெயரில் அதைத் தொடங்கிய லூத்தர் ரைஸ், மிஷனரியாக வந்து 1812-ல் கல்கத்தாவில் ஞானஸ்நானம் எடுத்து பாப்டிஸ்ட் ஆனவர். பர்மாவில் சக மிஷனரி அதோனிராம் ஜட்சன் செய்த ஊழியத்துக்கு ஆதரவு திரட்ட ஊர் திரும்பினார். ஒன்றுக்கொன்று முகம் தெரியாத சபைகளிடம் காணிக்கை கேட்க வேண்டுமென்றால் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டும், இல்லையா? 1833-ல் ஜெஸ்ஸி மெர்சர் பத்திரிகையை வாங்கி ஜார்ஜியாவுக்குக் கொண்டுபோனார். 1840-ல் அதைக் கன்வென்ஷனுக்கே கொடுத்துவிட்டார்.

சிக்கலும் அங்கேதான். கணக்குக் கேட்கப்பட வேண்டியவரே ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் எதை எழுத முடியும்? 1990 ஜூலையில், ஜார்ஜியா கன்வென்ஷனும் சேர்ந்திருக்கும் நாடளாவிய பிரிவான தெற்கத்திய பாப்டிஸ்டுகளிடையே பழமைவாதிகளுக்கும் மிதவாதிகளுக்கும் மோதல் முற்றியிருந்த நேரத்தில், அவர்களுடைய சொந்தச் செய்தி நிறுவனமான 'பாப்டிஸ்ட் பிரஸ்'ஸின் ஆசிரியர்கள் இருவரை அந்தப் பிரிவின் செயற்குழு வேலையைவிட்டு நீக்கியது. அது தவறு என்றே நான் நினைக்கிறேன். அதே ஆண்டில் மாநில பாப்டிஸ்ட் பத்திரிகைகளின் ஆசிரியர்கள் சேர்ந்து, யாருக்கும் கட்டுப்படாத 'அசோசியேட்டட் பாப்டிஸ்ட் பிரஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

எங்கள் டீக்கனுக்கு இந்த இரண்டு நிறுவனங்களின் செய்தியும் வேண்டியிருந்தது. பேரன் அச்செடுத்துக் கொடுக்கும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கூட்டத்தை இரண்டு நிறுவனங்களும் எப்படி எழுதியிருக்கின்றன என்று ஞாயிறு வேதபாட வகுப்பு தொடங்கும்முன் எங்களுக்குப் படித்துக்காட்டுவார்.