தம்பி எழுதிக் கொடுத்த பங்கு நிற்குமா?

கேள்வி (சுருக்கி): கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா கட்டிய வீடு. அப்பா, அம்மா இருவரும் இல்லை, உயிலும் இல்லை. தம்பிக்கு மனச்சிதைவு நோய், கல்யாணம் ஆகவில்லை. புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் நான்தான். சென்னையில் இருக்கும் அண்ணன் தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்த்ததில்லை. போன வருடம் தம்பி தன் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தான். இப்போது, ‘பைத்தியத்திடம் கையெழுத்து வாங்கிவிட்டாய்’ என்று அண்ணன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். தம்பிக்கு எதுவும் தெரியாது, குழந்தை மாதிரி. அப்பாவின் குடும்ப ஓய்வூதியமும் அவனுக்குத்தான் வருகிறது, கார்டியன் நான். இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட எனக்கு உரிமை இல்லையா?

பதில்: இல்லை. அண்ணன் வராததும் நீங்கள் பட்ட பாடும் பாகக் கணக்கில் சேராது. உயில் இல்லாத அப்பா சொத்தில் மூன்று பேருக்கும் சமபங்கு. நோயால் தம்பியின் பங்கு குறையாது, பார்த்துக்கொண்டதால் உங்கள் பங்கு கூடாது.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். கையெழுத்துப் போட்ட அன்று, எதை விட்டுக்கொடுக்கிறோம், கொடுத்த பிறகு தனக்கு என்ன மிஞ்சும் என்று தம்பிக்குப் புரிந்ததா?

நோட்டீஸில் உள்ள ‘பைத்தியம்’ என்ற வார்த்தைக்குப் பயப்பட வேண்டாம். மனநோய் இருப்பதாலேயே ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். தெளிவாக இருக்கும் நேரத்தில் செய்த ஒப்பந்தம் செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டம். அதற்காக, பத்திரம் பதிவாகிவிட்டது என்று தெம்பாகவும் இருக்காதீர்கள். சார்பதிவாளர் பெயரைக் கேட்டிருப்பார், “நீங்கதானே எழுதிக் கொடுக்கறீங்க?” என்றிருப்பார், தம்பி தலையாட்டியிருப்பார், ரேகை வைத்திருப்பார். அன்றைய தேதியில் மனநல மருத்துவரின் சான்று இருந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றைக் காணோம்.

உங்களுக்கு ஆபத்து அண்ணனிடமிருந்து வரவில்லை, உங்கள் பென்ஷன் மனுவிலிருந்து வருகிறது. இப்படிப்பட்ட குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். பென்ஷன் வாங்க, ‘இவருக்கு ஒன்றும் புரியாது, எல்லாவற்றுக்கும் நானே’ என்று எழுதிக் கொடுப்பார்கள். பத்திரம் வாங்கும்போது, ‘நல்ல நினைவோடும் மனப்பூர்வமாகவும்’ என்று எழுதுவார்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதில் எதும்மா உண்மை?” என்று கேட்பார். எதைச் சொன்னாலும் இன்னொன்று ஆட்டம் காணும். எனக்கு எழுதிய கடிதத்திலேயே ‘எதுவும் தெரியாது, குழந்தை மாதிரி’ என்கிறீர்களே! சம்பாதிக்க முடியாதவர் என்பது வேறு, விஷயம் புரியாதவர் என்பது வேறு. முன்னதை மட்டும் சொல்லியிருந்தால் தப்பிக்கலாம். மனுவில் என்ன எழுதினீர்கள் என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள்.

தம்பிக்குப் புரிந்தது என்றே வைத்துக்கொள்வோம். சோறும் மாத்திரையும் உங்கள் கையில் இருக்கும்போது, அவரிடம் உங்களுக்குச் சாதகமாக எழுதி வாங்கினால் நிர்ப்பந்தம் இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். ஒப்பந்தச் சட்டம் 16வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. பார்த்துக்கொண்டதை உங்கள் பலமாக நினைக்கிறீர்கள். வழக்கில் அதுதான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

கார்டியன் என்பதையும் பெரிதாக நினைக்காதீர்கள். அது பென்ஷனோடு சரி. 2017 சட்டத்தில் வரும் நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளிக்குத் துணையாக முடிவெடுக்க நியமிக்கப்படுபவர், சிகிச்சைக்கு மட்டும்தான், சொத்தைத் தொட முடியாது. அண்ணன் வழக்குப் போட்டால் தம்பி சார்பில் நீங்கள் நிற்கவும் முடியாது, உங்கள் லாபம் அவருக்கு நஷ்டம் என்பதால்.

இப்போதைக்குத் தம்பியிடம் உறுதிமொழிக் கடிதம், வீடியோ என்று புதிதாக எதையும் வாங்காதீர்கள். மருத்துவரிடம் பழைய தேதியில் சான்று கேட்காதீர்கள். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டாம்.

சரி, என்ன செய்வது? சமாதானம் பேசுங்கள். பத்திரம் ரத்தானால் அந்தப் பங்கு அண்ணனுக்குப் போகாது, தம்பிக்கே திரும்பும். தம்பிக்கு மனைவி மக்கள் இல்லாததால், அவருக்குப் பின் உங்களுக்கும் அண்ணனுக்கும் பாதிப்பாதி. மூன்றில் ஒன்றில் பாதி, அதாவது வீட்டில் ஆறில் ஒரு பங்கு, அண்ணனின் கண் அதன் மேல்தான். அவருடைய மூன்றில் ஒரு பங்குக்குப் பணம் கொடுத்துவிட்டு, தம்பியின் பங்கைத் தம்பி பெயரிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் இருவரும் அதே வீட்டில் இருக்கலாம். பின்னால் தம்பி தெளிவாக இருக்கும் நேரத்தில் உயில் எழுத விரும்பினால், மருத்துவர் சான்றோடு, வேறு வக்கீலிடம், நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எழுதட்டும்.

ஆனால் இந்தச் சமாதானத்தை வீட்டுத் திண்ணையில் வெள்ளைத்தாளில் முடிக்காதீர்கள். பாகப் பிரிவினை வழக்கு ஒன்றைப் போட்டு, அதில் தம்பிக்கு உங்கள் இருவரையும் சேராத ஒருவரைக் காப்பாளராக நியமித்து, நீதிமன்ற அனுமதியோடு பதிவு செய்யுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32வது கட்டளை கேட்பது அந்த அனுமதியைத்தான். அது இல்லாத சமாதானத்தைப் பிறகு உடைத்துவிடலாம்.

நோட்டீஸுக்குப் பதில் கொடுக்க வக்கீலிடம் போகும்போது பென்ஷன் மனுவின் நகலையும் எடுத்துப் போங்கள். அதைப் படிக்காமல் அவரைப் பதில் எழுத விடாதீர்கள்.