ஜிமேட் தேர்வு: பழைய புத்தகமும் புதிய மதிப்பெண்ணும்

கேள்வி: எம்பிஏ சேர்க்கைக்காக 2021-இல் வாங்கிய ஜிமேட் புத்தகங்கள் கைவசம் இருக்கின்றன. அவற்றை வைத்தே படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் சில பகுதிகளைக் கிழித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் ‘ஃபோகஸ் எடிஷன்’ என்ற பெயரில் புதிய தேர்வு வந்தது. 2024 ஜனவரியோடு பழைய தேர்வு நின்றுபோனது. இப்போது புதியதற்கே ஜிமேட் என்று பெயர்.

கட்டுரை எழுதும் பகுதி இல்லை. வெர்பல் என்ற மொழித்திறன் பிரிவில் வாக்கியத்தைத் திருத்தும் சென்டென்ஸ் கரெக்‌ஷன் கேள்விகள் முழுவதும் போய்விட்டன. இலக்கண விதிகளை மனப்பாடம் செய்ய ஒரு மணி நேரம்கூடச் செலவிட வேண்டாம். குவான்ட் என்ற கணிதப் பிரிவில் முக்கோணம், வட்டம் போன்ற வடிவியல் கணக்குகள் கிடையாது. ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (பத்தியைப் படித்து விடையளிப்பது), கிரிட்டிக்கல் ரீசனிங் (வாதத்தை ஆராய்வது), எண்கணிதம், இயற்கணிதம் ஆகியவற்றுக்குப் பழைய கேள்விகள் இன்றைக்கும் தரமான பயிற்சிதான். கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்கும் டேட்டா சஃபிஷியன்சி நீக்கப்படவில்லை, குவான்ட்டிலிருந்து டேட்டா இன்சைட்ஸ் என்ற தரவு ஆய்வுப் பிரிவுக்கு இடம் மாறியிருக்கிறது. மாக் டெஸ்ட்டை மட்டும் பழைய புத்தகத்திலிருந்து எழுதாதீர்கள். நேரக் கணக்கே வேறு.

கேள்வி: நேரக் கணக்கு எப்படி?

மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். குவான்ட் 21 கேள்விகள், வெர்பல் 23, டேட்டா இன்சைட்ஸ் 20. எதை முதலில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். இடையில் 10 நிமிட இடைவேளை ஒருமுறை எடுக்கலாம். தாமதமாகத் திரும்பினால் அடுத்த பிரிவின் நேரம் கரையும்.

கேள்வி: டேட்டா இன்சைட்ஸைக் கடைசி இரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சரியா?

சரியில்லை. இன்று பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். முன்பு இதேபோல் தரவுகளை ஆராயும் இன்டக்ரேட்டட் ரீசனிங் பிரிவு தனி மதிப்பெண்ணாக இருந்தது. மொத்த மதிப்பெண்ணில் சேராததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தப் பழக்கத்தில் சொல்லப்படும் அறிவுரை இது. இப்போது டேட்டா இன்சைட்ஸுக்கு மற்ற இரண்டு பிரிவுகளுக்குச் சமமான எடை உண்டு.

ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டே கால் நிமிடம் கிடைக்கும். ஆனால் மல்ட்டி சோர்ஸ் ரீசனிங்கில் இரண்டு மூன்று பக்கத் தகவலைப் படித்த பிறகுதான் கேள்விக்கே வர முடியும். அங்கே செலவாகும் நேரத்தை டேட்டா சஃபிஷியன்சியில்தான் மீட்க வேண்டும். அட்டவணைக் கேள்வியில் மூன்று வரிகளுக்கு ஆம், இல்லை என்று குறிக்கச் சொல்வார்கள். மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், இரண்டு சரியென்றால் பூஜ்யம். திரையில் கால்குலேட்டர் கிடைப்பது இந்தப் பிரிவில் மட்டும். ஒவ்வொரு வகுத்தலுக்கும் அதைத் திறந்தால் நேரம் போதாது. தோராயமாக மதிப்பிடும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

கேள்வி: 700 வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். மாக் டெஸ்ட்டில் 645 வருகிறது. இன்னும் எவ்வளவு தூரம்?

வந்து சேர்ந்துவிட்டீர்கள். பழைய அளவுகோல் 200 முதல் 800 வரை, புதியது 205 முதல் 805 வரை. புதிய மதிப்பெண்கள் எல்லாம் 5-இல் முடியும், எண்ணைப் பார்த்தவுடன் எந்தத் தேர்வு என்று தெரிவதற்காக. அதிகாரபூர்வ ஒப்பீட்டின்படி பழைய 700-க்கு இணையானது புதிய 645. பழைய குவான்ட்டில் 49, 50, 51 என்ற சில எண்களிலேயே ஏராளமானோர் குவிந்திருந்தார்கள். புதிய அளவுகோல் அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டு எண்களையும் நேராகக் கழித்துப் பார்க்காமல் பெர்சன்டைலை, அதாவது எத்தனை சதவீதம் பேரை முந்தியிருக்கிறீர்கள் என்பதை, ஒப்பிடுங்கள். கல்லூரி வெளியிடும் சராசரி மதிப்பெண் எந்தத் தேர்வுக்கானது என்பதையும் கவனியுங்கள். பழைய மதிப்பெண்ணும் ஐந்தாண்டு செல்லும் என்பதால் சில கல்லூரிகள் இரண்டையும் தனித்தனியாகத் தருகின்றன.

கேள்வி: எழுதிய விடையைத் திருத்தலாமாமே?

ஆம், ஒரு பிரிவுக்கு மூன்று விடைகள் வரை. ஆனால் விடை அளிக்காமல் தாண்ட முடியாது. எதையாவது குறித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகலாம். கடைசிக் கேள்வி வரை விடையளித்த பிறகு, நேரம் மிச்சமிருந்தால்தான் திருத்தும் திரை வரும்.

பலர் கடினமான கேள்விகளை எல்லாம் புக்மார்க் செய்துவிட்டு, எதற்குத் திரும்புவது என்று தெரியாமல் திணறுகிறார்கள். சுத்தமாகப் பிடிபடாததை விட்டுவிடுங்கள், இரண்டாம் பார்வையிலும் அது பிடிபடப் போவதில்லை. வழி தெரிந்தும் கணக்கு இழுத்ததையும், இரண்டு விடைகளுக்கு நடுவே நின்றதையும் குறியுங்கள். திருத்தத்துக்காக மூன்று நான்கு நிமிடம் மிச்சம் பிடித்தால் போதும். அதற்காக முதல் பத்துக் கேள்விகளில் அவசரப்படுவது நஷ்டம். நேரம் முடிந்து கேள்விகள் விடுபட்டால் தண்டனை கடுமையானது, கடைசி நிமிடத்தில் ஊகித்தாவது எல்லாவற்றுக்கும் விடை குறித்துவிடுங்கள்.

கேள்வி: மதிப்பெண் குறைந்தால் கல்லூரிக்குத் தெரியுமா?

நீங்கள் அனுப்பினால்தான் தெரியும். முன்பு தேர்வுக்கு முன்னரே கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது அதிகாரபூர்வ மதிப்பெண் வந்த 48 மணி நேரத்துக்குள் ஐந்து கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம். மறுபடி எழுத 16 நாள் காத்திருக்க வேண்டும். 12 மாதத்தில் அதிகபட்சம் ஐந்து முறை. விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டாவது முயற்சிக்கும் இடம் விட்டு முதல் தேதியைப் பதிவு செய்யுங்கள்.