ஆளுக்கொரு ஊரில் இருக்கும் ஆறு பேர் டிசைன் பரிமாறி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது எப்படி?

பாளையங்கோட்டை, அம்பை, தென்காசி என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்பி, தைத்த கட்டங்களை, அதாவது சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்களை, தபாலில் மாற்றிக்கொள்ளப் போகிறோம், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வந்திருக்கும் பதில்கள் நிறப் பொருத்தத்தைத்தான் பேசுகின்றன. நிறம் ஒவ்வாமல் போனாலும் போர்வை போர்வைதான். அளவு ஒவ்வாத கட்டங்களைச் சேர்க்கவே முடியாது. அதனால் அளவில் தொடங்குங்கள்.

உங்களில் பாதிப் பேராவது பிளவுஸ், சுடிதார் தைத்துப் பழகியவர்களாக இருப்பீர்கள். சிக்கலே அங்கேதான் வரும். பிளவுஸில் பின்னால் பிரித்துவிட இடம் வேண்டும் என்று உள்ளே தாராளமாக விடுவோம். ஒட்டுத்துணியில் எல்லாத் தையலுக்கும் உள்ளே விடுவது இரண்டே நூல், அதாவது கால் இஞ்ச் (எட்டு நூல் ஒரு இஞ்ச்). "ஒரு நூல் கூடக்கொறய இருந்தா என்னக்கா?" என்று குழுவில் யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒன்பது சதுரம் வைத்த கட்டத்தில் ஒரு வரிசைக்கு இரண்டு தையல். இரு பக்கத் துணியிலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் ஒரு தையலுக்கு ஒரு நூல், கட்டத்துக்கு இரண்டு நூல் போகும். நீளவாக்கில் நாலு கட்டம் சேர்த்தால் முழுசாக ஒரு இஞ்ச் காணாது.

அமெரிக்காவில் எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அவரவர் வேண்டியவர்கள் தைத்த நினைவுப் போர்வையை 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் விரித்தார்கள். 1,920 துண்டுகள். தைத்தவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. எல்லாத் துண்டும் 3 அடிக்கு 6 அடி, எட்டைச் சேர்த்தால் 12 அடிச் சதுரம் என்ற ஒரே விதிதான் அவ்வளவையும் கோத்தது. துண்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது தைப்பவர் விருப்பம்.

உங்களுக்கு வசதியான அளவு 12 இஞ்ச் கட்டம். தைத்து அனுப்பும்போது சுற்றிலும் தையலுக்கு விட்டது சேர்த்து 12 இஞ்ச் 4 நூல் இருக்க வேண்டும். உள்ளே வரும் சதுரத்துக்கு 4 இஞ்ச் 4 நூல் வெட்டுங்கள். சதுரத்தை மூலைவாட்டில் வெட்டி முக்கோணமாக்குவதென்றால் 4 இஞ்ச் 7 நூல். முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் இழைக்கு மூலைவாட்டில் இருப்பதால் இழுத்தால் நீண்டுவிடும். மெஷினில் பிடித்து இழுக்காமல் அதன் போக்கில் விடுங்கள்.

டிசைனுக்குள் போவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, இரண்டு நூல் பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்க வேண்டும். சரியாக ஒரு இஞ்ச் வர வேண்டும். வராவிட்டால், ஊசி இறங்கும் இடத்திலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து தட்டின் மேல் ஒரு டேப்பை ஒட்டி, துணியோரத்தை அதில் இடித்தாற்போல ஓட்டுங்கள். துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரசர் ஃபுட் ஓரத்தை நம்பக் கூடாது, மெஷினுக்கு மெஷின் அது மாறும். ஆறு பேரும் நடுப்பட்டை மேல் ஸ்கேல் வைத்த போட்டோவைக் குழுவில் போட்ட பிறகுதான் முதல் டிசைன். இதெல்லாம் பொழுதுபோக்கு, இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தனக்காகத் தைப்பவர் எப்படியும் தைக்கலாம். இன்னொருவர் காசு போட்டு வாங்கிய துணியை வெட்டுகிறோம்.

டிசைனை கூகுள் ஷீட்டில் 12-க்கு 12 செல்லாகப் போடுங்கள், ஒரு செல் ஒரு இஞ்ச். "மாம்பழ மஞ்சள்" என்று எழுதினால் ஆளுக்கொரு மஞ்சள் வரும்; துணிக்கு எண் கொடுத்து, சின்னத் துண்டுகளை அட்டையில் பின் அடித்து ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். வெளிர், அடர் வித்தியாசம் தெரிய, துணிகளை ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வெட்டும் வடிவத்தைப் படமாக அனுப்பாமல் பிடிஎஃப்-ஆக அனுப்புங்கள். ஜெராக்ஸ் கடையில் "ஃபிட் டு பேஜ்" வேண்டாம், 100 சதவீதத்தில் எடுங்கள் என்று சொல்லுங்கள். 97 சதவீதத்தில் எடுத்தால் 12 இஞ்ச் என்பது 11.64 ஆகிவிடும். தாளின் மூலையில் ஒரு இஞ்ச் சதுரம் வரைந்திருந்தால், அதை அளந்துவிட்டு வெட்டலாம்.

துணி எல்லாம் அலசிக் காய்ந்ததாக இருக்க வேண்டும். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சாயம் ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை. ஏற்றி முடித்த துணியில் ஒட்டாத சாயத்தை அது பிடித்து வைக்காது. துண்டை நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை பட்டால் அந்தத் துணி வேண்டாம். பழைய நூல் சேலையென்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வந்த இடம் நைந்திருக்கும், விட்டுவிடுங்கள்.

இழையைக் கொளுத்திப் பார்ப்பதும் அவசியம். பருத்தி சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் கறுத்து மணியாக உருளும். இதைச் சொல்லும்போது ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுத்தக் காட்டன் என்று சீட்டு ஒட்டி விற்கும் நைட்டியிலும் பச்சப்பிள்ளைச் சட்டையிலும் இந்த மணி உருளுகிறது. சித்திரை வெயிலில் நம்மூர்ப் பிள்ளைக்கு அந்தச் சட்டையைப் போட்டால் வேர்க்குருதான் மிச்சம். கேட்டால் "மிக்ஸிங் இருந்தாத்தான் சாயம் நிக்கும்மா" என்கிறார்கள். காட்டனுக்கு வாங்கும் விலையை மட்டும் குறைப்பதில்லை.

மாதம் ஒருவர் டிசைன், அந்த மாதம் தைக்கும் கட்டங்கள் அந்த டிசைன்காரருக்கு. அந்த மாத டிசைனுக்கு ஆறு பேரும் இரண்டிரண்டு கட்டம் தைத்தால் 12 கட்டம். மூன்றுக்கு நாலாகச் சேர்த்தால் 36-க்கு 48 இஞ்ச், குழந்தைப் போர்வை. கட்டங்களுக்கு நடுவே 3 இஞ்ச் பட்டையும் சுற்றிலும் 6 இஞ்ச் கரையும் கொடுத்தால் 54-க்கு 69. நம் வெக்கைக்கு உள்ளே பஞ்சு வேண்டாம், அலசின பழைய வேட்டி ஒரு மடிப்பு போதும்.

கட்டத்துக்குள் பின்னணியாக வரும் துணியை மட்டும் டிசைன்காரரே ஒரே தானில் வாங்கி வெட்டி அனுப்பட்டும். கட்டத்துக்கு ஐந்து சதுரம் என்றால் 60 வேண்டும். 44 இஞ்ச் அகலத் துணியில் சுருங்கியது போக ஒரு மீட்டரில் 72 கிடைக்கும், ஒன்றேகால் வாங்குங்கள். 36 இஞ்ச் அகலம் என்றால் ஒன்றரை.

தையலை எந்தப் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுவது என்பதையும் எழுதிவையுங்கள்: ஒன்றாம், மூன்றாம் வரிசை வெளிப்பக்கம், இரண்டாம் வரிசை உள்பக்கம். அப்போதுதான் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், மொத்தமாகக் குவியாது.

ஜனவரியில் தொடங்கினால் ஜூனில் முடியும். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தது நினைவிருக்கும், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குத் தபாலை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு கட்டம் 20 கிராமுக்குள்தான் இருக்கும். நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, குண்டூசியை எடுத்துவிட்டு அனுப்புங்கள். 20-ஆம் தேதி தைத்து முடிக்கவும் 25-ஆம் தேதி தபாலில் சேர்க்கவும் கெடு வையுங்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் காத்திருக்க வேண்டாம், அந்த இரண்டு கட்டத்துக்கும் பத்துச் சதுரம் டிசைன்காரரின் ஒன்றேகால் மீட்டரில் மிச்சமிருக்கும்.